வலப்பக்க நாற்காலி

என் அண்ணிக்கு ராஜாக்களைக் கண்டாலே ஆகாது. நேரில் ஒருவரையும் கண்டதில்லை என்பது வேறு விஷயம். நாங்கள் வேலை பார்த்த அச்சுக்கூடத்தில் வாரம் ஒரு கேலிப்படம் போடுவார்கள். அதை மரக்கட்டையில் செதுக்குவது அண்ணி, மை தடவுவது நான்.

அந்த வருடம் அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. எங்கள் ராஜாவும் பக்கத்து ராஜாவும் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டு எட்டு மாதமாகியும் கையெழுத்து விழவில்லை. ஏனாம்? கையெழுத்துப் போடும்போது வலப்பக்க நாற்காலியில் யார் உட்காருவது என்று தீரவில்லையாம்! வலப்பக்கம் உட்காருகிறவர்தான் பெரியவராம். இந்த வெட்டி வீம்பு முடியும்வரை படைகள் எல்லையை விட்டு நகராது. அந்தப் படையில்தான் என் அண்ணன் இருந்தான். கல்யாணமாகி மூன்றாம் மாதம் போனவன்.

"உட்கார இடம் பத்தலன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறாங்க. என் புருஷன் அங்க நின்னு நின்னே கால் வீங்கிக் கிடக்கறாரு" என்று திட்டிக்கொண்டே அண்ணி உளியைத் தட்டினாள். இரண்டு நாற்காலி, இரண்டு தொப்பை, தொப்பைக்கு மேல் ஆளுக்கொரு கிரீடம். அச்சுக்கூடத்தை இழுத்துப் பூட்டிவிடக் கூடாதே என்று எங்கள் ராஜாவை மட்டும் மரியாதையாக வலப்பக்கம் உட்கார வைத்தாள்.

அங்கேதான் வினை. கட்டையில் எதையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கவேண்டும். காகிதத்தில் அழுத்தினால் திரும்பிக்கொள்ளும். பத்து வருடமாகச் செய்கிற வேலையைக் கோபத்தில் மறந்து, நேராகவே செதுக்கிவிட்டாள். மை தடவிய எனக்காவது கண் இருந்ததா? படம் தெருவெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு பார்த்தால், எங்கள் ராஜா இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே மந்திரி ஆள் அனுப்பிவிட்டார். அண்ணி கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நானும் கூடவே போனேன்.

"மகாராஜாவை இடப்பக்கம் உட்கார வெச்சிருக்கியே, உனக்குக் கை இருக்கணுமா வேண்டாமா?" என்று மந்திரி கத்தினார். "அவங்க தூதர் இருபது படம் வாங்கிட்டு வாயெல்லாம் பல்லாத் திரியறாரு. நாம விட்டுக்கொடுத்துட்டோமாம்!"

தொப்பையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் கண்ணில் படவே இல்லை போல.

அண்ணி துணியைப் பிரித்துக் கட்டையை நீட்டினாள். "இதுல பாருங்கய்யா. நம்ம ராஜா வலப்பக்கம்தான் இருக்காரு."

மந்திரி கட்டையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி கட்டையைப் பார்த்தார்.

"காகிதம் அவங்க ராஜாவுக்கு, கட்டை நம்ம ராஜாவுக்கு. நேர்ல உட்கார்ந்தாத்தானேய்யா சண்டை? அவங்கவங்க அரண்மனையில, அவங்கவங்க படத்துக்குக் கீழ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கட்டுமே."

மந்திரி வெகுநேரம் மோவாயைத் தடவினார். பிறகு கட்டையை வாங்கிக்கொண்டு, "இதை வெளியில மூச்சு விடக்கூடாது, போ" என்றார்.

இருபதே நாளில் இரண்டு பக்கமும் கையெழுத்தாயிற்று. இரண்டு ராஜாக்களும் தாம்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டார்கள். மந்திரிக்கு 'சமாதானச் சிங்கம்' என்று பட்டம் கொடுத்து ஊர்வலம் விட்டார்கள். அடேயப்பா, என்ன மேளம், என்ன மாலை!

ஊர்வலம் எங்கள் தெருவழியாகப் போன அன்றுதான் அண்ணன் வந்து சேர்ந்தான். தாடியும் மீசையுமாகப் பாதியாக இளைத்திருந்தான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "மகராசன், அவர் மூளையாலதான் நான் உசிரோட வந்தேன்" என்று மந்திரி போன திசையில் கும்பிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு மூளை?" என்று நான் ஆரம்பித்ததுமே அண்ணி என் வாயைப் பொத்தினாள்.

"விடுடி. சிங்கத்தை அவரே வெச்சுக்கட்டும், எனக்கு இந்த ஆளு போதும்" என்று சொல்லிவிட்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.