முன் டயர் இரண்டு

டயர் கடையில் எங்கள் முதலாளி இருந்தார். அவர் மச்சினன் இருந்தார். கணக்கப்பிள்ளை இருந்தார். கடைக்காரர் இருந்தார். வேன் ஓட்டுகிற நான் ஓரமாக நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் தறித் துண்டுகளை ஏற்றிக்கொண்டு புளியரை மலை தாண்டிப் புனலூர் போகும் வேன் அது. எஞ்சின் முரட்டு இழுவை. முன் டயர் இரண்டும் மொட்டை.

கடைக்காரர் புது டயரையும், பழசில் ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மச்சினன் பூசணிக்காய் வாங்குவது போல இரண்டையும் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே சத்தந்தான் அத்தான்."

கணக்கப்பிள்ளை குனிந்து ரீட்ரெட்டை மோந்தார். "புது ரப்பர் வாசந்தான் அடிக்கி, மொதலாளி."

நான் வாயைத் திறந்தேன். "மலையில வளைவு சாஸ்தி அண்ணாச்சி. முன்னாடிக்காவது புதுசு போடுங்க."

முதலாளி சிரித்தார். "டயரா வண்டி ஓட்டுதுவே? நீருதான ஓட்டுதீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ரீட்ரெட் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் மட்டும் முதல் தரமாகப் பொறுக்கி வாங்கினார்கள்.

மறுநாள் புனலூருக்கு லோடு. முதலாளி, மச்சினன், கணக்கப்பிள்ளை மூவரும் வசூலுக்கு எப்போதும் வேனில்தான் வருவார்கள். அன்று மூவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.

"நாங்க பஸ்ல வாரோம்வே. வண்டியில எடம் பத்தாது," என்றார் முதலாளி.

முன் சீட்டில் என்னோடு சேர்த்து நாலு பேர் உட்காரலாம். அன்று வேனில் மலை ஏறியது ஒரு ஆள்.