எந்த ஸ்லைட்டில் வாப்பா

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மனித மூளையின் நட்சத்திரக் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். நரம்புக் கலங்களுக்கு ஊட்டமும் காவலும் கொடுக்கும் இவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாம்பல் நிறப் பகுதியில் புதர் போல அடர்ந்த கிளைகள். உள்ளே வெள்ளைப் பகுதியில் கிளைகள் நீண்டு மெலிந்திருக்கும். சிறுமூளையில் இன்னொரு வகை, வேலிக்கம்பு போல நேரே மேலே போகும். நெருக்கமும் இடத்துக்கு இடம் மாறும். இதைச் சொன்னால் கல்முனையில் என் வீட்டார் கொட்டாவி விடுவார்கள். வாப்பா மட்டும் கேட்டார்.

"அதுக்கென்ன மகள், ஒரே வயலுக்குள்ளயே நெல்லு வாய்க்கால் பக்கம் நெருங்கி நிக்கும், மேட்டுப் பக்கம் ஐதா நிக்கும்," என்றார். சவளக்கடை என்ற ஊரில் அவருக்கு வயல் இருந்தது.

பிறகு அவருடைய தலையிலேயே கட்டி வந்தது. அதை அடைய, மேலிருந்த நல்ல பகுதியில் கொஞ்சத்தை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அதை எங்கள் ஆய்வுக்குக் கேட்டது நான்தான். நோயில்லாத மனித மூளை கிடைப்பது அரிது, எனக்குப் பேராசை. முஸ்லிம்களான எங்களில், உடம்பிலிருந்து வெட்டியதைத் துணியில் சுற்றி மண்ணில் அடக்குவதே வழக்கம். வாப்பா ஒப்பமிட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"வேலை முடிஞ்சா அத அடக்கிப் போடு மகள். நான் முழுசாப் போகணும்."

"ஓம் வாப்பா," என்றேன். யோசிக்கவே இல்லை.

எண்ணுபவரின் விருப்புவெறுப்பு கணக்கில் கலக்கக் கூடாது என்று மூளையை மெல்லிசாகச் சீவி ஒட்டும் எங்கள் கண்ணாடி ஸ்லைட்டுகளில் பெயர் போடுவதில்லை. வெறும் இலக்கம். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியலையும் அழித்துவிடுவார்கள். புதிதாக வருவோருக்கு இந்த விதியை விளக்குவதே நான்தான். வாக்குக் கொடுத்த நேரம் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து சில மாதத்தில் வாப்பா மௌத்தானார். அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். சில நாள் கழித்து உம்மா கேட்டார்.

"வாப்பாட துண்டையும் அடக்கியாச்சா மகள்?"

"இல்ல உம்மா. எது வாப்பாட துண்டெண்டு எனக்குத் தெரியா."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

எண்ணும் வேலையை நான் விடவில்லை. மையவாடி வாசலில் நின்று, உள்ளே அடங்கியிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக ஸலாம் சொல்வது எங்கள் வழக்கம். காலையில் ஸ்லைட் அலுமாரியைத் திறக்கும்போது நானும் சொல்கிறேன். தனக்குத்தான் என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரி குட் மோர்னிங் என்கிறாள்.