சிபாரிசு கேட்டு அலைந்த வருஷம்

முன்பின் தெரியாதவரிடம் சிபாரிசு கேட்பதும் ஒரு வேலைதான், சம்பளம்தான் கிடையாது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஃபைலும் கையுமாக அலைந்த என் சக பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்குள் ஆள் தெரிந்தால்தான் பயோடேட்டா மேஜைக்குப் போகும். கொரட்டூரில் எனக்குத் தெரிந்தவர்களோ, அப்பா உட்பட, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள்.

"தை வரைக்கும் தேடிக்கோம்மா. கெடைக்கலன்னா கரையான்சாவடி வரனுக்கு சரின்னு சொல்லிடுவேன்" என்றிருந்தார் அப்பா. அந்த வரன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேலைக்குப் போக ஆசை, அவ்வளவுதான். அழுகை வருமளவு ஆசை.

பெண்கள் பெட்டி

காலை ரயிலில் யார் புடவையில் கம்பெனி அட்டை குத்தியிருக்கிறது என்று பார்த்துப் பக்கத்தில் போய் நிற்பேன். ஆவடியில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்து பூக் கட்டுவார்கள், பீன்ஸ் ஆய்வார்கள். கொரட்டூரில் ஏறுகிற எனக்கு நிற்கத்தான் இடம். முதல் நாள், அட்டை குத்திய ஒரு அக்காவுக்கு நாலு பீன்ஸ் காம்பு கிள்ளிக் கொடுத்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானே டெம்பரவரியா கீறேன்மா. எனக்கு யார்னா சொல்லுவாங்களான்னு பாத்துகினு கீறேன்."

பஸ் நிற்கும் இடம்

அம்பத்தூரில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில், டை கட்டிய ஒரு சாரைப் பிடித்தேன். கோபப்படாமல் பயோடேட்டாவை முழுக்கப் படித்தார். மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் வந்ததும் காகிதத்தை மடங்காமல் என் கையிலேயே கொடுத்தார்.

"கல்யாணம் ஆனதும் நின்னுடுவீங்க. உங்க ஊட்ல தம்பி யாராவது படிச்சிருந்தா வரச் சொல்லும்மா."

பக்கத்து வீட்டு போன்

கடைசியில் ரயிலிலேயே ரெஜினா அக்கா கிடைத்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் நிரந்தர வேலை. தினமும் என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் பயோடேட்டாவை வாங்கிப் போய், தனக்குத் தெரிந்த பெண் என்று சொல்லியே கொடுத்தார்.

அதிலிருந்த நம்பர் பக்கத்து வீட்டு கோமதி அக்காவுடையது. தெருவுக்கே அந்த ஒரு போன்தான். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கம்பெனி அம்மா ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். எங்கிருந்து என்று சொல்லாமலே, பெண் எப்படி, வீட்டில் யார் யார், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவாளா என்று விசாரித்திருக்கிறார். எங்கள் தெருவில் தெரியாத குரல் ஒரு பெண்ணைப் பற்றி இதையெல்லாம் கேட்டால் அது மாப்பிள்ளை வீடுதான். கோமதி அக்கா எனக்காக உயிரைக் கொடுத்துப் பேசியிருக்கிறார். நான் பையோடு திரும்பியபோது வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரையான்சாவடிலேர்ந்து பேசுனாங்க கண்ணு. குனிஞ்ச தல நிமிராத பொண்ணு, வேலைக்கெல்லாம் போவாது, ஊட்டோட இருக்கும்னு அடிச்சி சொல்லிக்கீறேன்."

மறுநாள் ரயில்

கரையான்சாவடிக்காரர்களிடம் அந்த நம்பரே கிடையாது. கூப்பிட்டது கம்பெனிதான் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் ரெஜினா அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் நடந்ததைச் சொன்னதும், தானே போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று மதியமே மேலதிகாரியிடம் பேசியும் பார்த்ததாக அடுத்த நாள் ரயிலில் சொன்னார். அதற்குள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

"வுடு. இனிமே நான் யாருக்கு சொன்னாலும் அங்க எடுபடாது, அத நெனைச்சாதான் கஷ்டமா கீது."

தை

கல்யாணத்தன்று ஆரத்தி எடுத்தது கோமதி அக்காதான். அந்த போன் யாருடையது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நல்ல மனுஷி சோறு தண்ணி இல்லாமல் கிடப்பார். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, என் கன்னத்தை வழித்துச் சொன்னார்.

"பாத்தியா, அன்னிக்கி போன்ல நான் சொன்ன ஒரு வார்த்த."

தெரியாதவர் வாயிலிருந்தெல்லாம் ஒரு நல்ல வார்த்தை வராதா என்று வருஷம் முழுக்க அலைந்தேன், தெரிந்தவர் ஒருவர் அதை நான் கேட்காமலே மனதாரச் சொல்லி முடித்துவிட்டார்.