வேம்பின் நிழல் அளவு

மரப்பட்டறையில் பச்சை வேம்பு அறுபடும் கசப்பு வாசனை வந்தால், இன்று புல்கூட இல்லாத எங்கள் தோட்டத்து வாசலில் போய் நின்றுவிடுகிறேன். என் சின்ன வயதில் கிணறு வற்றி, போர் போடும் லாரி உள்ளே வர வேம்பை வெட்ட வேண்டியிருந்தது. சாய்த்தால் வீட்டின்மேல் விழுமா என்று அப்பா ஒரு குச்சியை நட்டு, நிழலை வைத்து அளந்தார்.

"குச்சியும் அதோட நெழலும் ஒரே அளவானதும் சொல்லு சாமி. அப்ப மரத்தோட நெழலும் மரத்தளவுதான் இருக்கும்" என்றவர், மர நிழலின் நுனிக்குப் போனார்.

குச்சியின் நிழல் குச்சியைத் தாண்டி நீண்டுகொண்டே போக, நான் வாய் திறக்கவில்லை. மர நிழல் வீட்டுச் சுவரில் ஏறிய பிறகுதான், "இப்பச் சரியா இருக்குதுங்கப்பா" என்று கத்தினேன்.

வீட்டின்மேல் விழும் என்று பயந்து மரத்தை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். ஆனால் சாய்க்காமல், உச்சியிலிருந்து கிளை கிளையாக வெட்டினார்கள். ஒரே நாளில் சாய்ந்திருக்க வேண்டிய மரம், என்னால் மூன்று நாள் செத்தது.