தவக்காலத்தில் குடியாதவன்

“தவக்காலம் முழுவதும் தொடவில்லை. நான் குடிகாரன் அல்ல.” உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான சென்ற பெரிய சனியன்று என் கொப்பியில் எழுதியது இது. நான்கு வருட நாட்குறிப்புகள் உள்ள அந்தத் தடித்த கொப்பியில், ஒவ்வொரு பெரிய சனிக்கும் அதே வசனம்தான்.

மனைவியின் வற்புறுத்தலால், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டமொன்றுக்குப் போனேன். தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கத் எங்கள் தீவிலிருந்து முருங்கன் என்ற ஊர் வரை பஸ்ஸில் போனேன். அங்கே கதிரைகளில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களோடு உட்காரவே எனக்கு அருவருத்தது. என் முறை வந்ததும் கொப்பியை விரித்து அந்த வசனங்களை வாசித்தேன்.

பக்கத்திலிருந்த மீனவர் கேட்டார்: “நானும் தவக்காலத்தில தொடுறேல்லை ஐயா. உயிர்த்த ஞாயிறு எப்ப தொடங்கினனீங்கள்? பூசைக்கு முந்தியோ, பிந்தியோ?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அண்டைக்கு என்ன எழுதினனீங்கள்? அதையும் வாசியுங்கோவன்” என்றார் அவர் மறுபடி.

புரட்டினேன். சனிக்கு அடுத்த குறிப்பு செவ்வாய்; ஞாயிறும் திங்களும் இல்லை. நான்கு வருடமும் அப்படியே. ஒருநாளும் தவறாமல் எழுதுபவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என்னை நினைக்க எனக்கே அருவருத்தது.

“எனக்கும் அந்த நாள் ஞாபகமில்லை. மனுசியிட்டைக் கேட்டுத்தான் அறிஞ்சனான்” என்றார் அவர், மெதுவாக.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். போன உயிர்த்த ஞாயிறு மகளின் புதுச் சட்டையில் வாந்தியெடுத்தேனாம். அழுதவளைக் கன்னத்தில் அடித்தேனாம். மகளோ, “இல்லையப்பா, நீங்கள் அடிக்கேல்லை” என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது ஒவ்வொரு வாரமும் முருங்கனுக்குப் போகிறேன். அன்று அவளை அடித்தேனா என்பதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.