புவனா கண்டாள், நான் காணவில்லை

லண்டன் ஸ்ட்ரெதமில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது புவனாவின் மகள் துளசியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா விடிய போட்டா" என்றாள். விடியற்காலையில் புவனா கண்ணை மூடிவிட்டாள். என் பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. புவனாவை அறிந்த உங்களிடம் பூசி மெழுகிப் பேச எனக்கு மனமில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம்தான். இதிலும் எனக்கு முந்திவிட்டாளே என்ற கோபம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்தே அவள் அப்படித்தான். நான் விழுந்து விழுந்து படித்ததை அவள் ஒருமுறை காதால் கேட்டுவிட்டுப் போய் ஒப்புவித்து, ரீச்சரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டு வருவாள். லண்டனுக்கும் எனக்கு முன்னால் வந்தாள். கார் ஓட்டவும் எனக்கு முன்னால் பழகினாள். அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமற்போனது ஒரு கறுப்பு நாயின் விஷயத்தில்.

இந்த நாட்டின் கிராமப்புறங்களில், தனி வழியில் தோன்றி மறைவதாகச் சொல்லப்படும் கறுப்பு நாயைப் பற்றிய கதைகளைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். கன்றுக்குட்டி அளவு உடம்பு, தணல் போன்ற கண், காலடிச் சத்தமே கிடையாது. கண்டவர் வீட்டில் வருடம் திரும்புவதற்குள் சாவு விழும் என்பது ஓர் ஊரின் கதை. தனியே போகும் பெண்ணை வீடுவரை கொண்டுபோய் விடும் என்பது இன்னோர் ஊரின் கதை. நூலக வேலையில் கிடைத்த லீவையெல்லாம் இதற்கே கொடுத்தேன். ரயிலேறிப் போய், சேற்றில் நடந்து, மழையில் நனைந்து நான் கண்டதெல்லாம் சொந்தக்காரரோடு உலாவ வந்த வீட்டு நாய்கள். "நாய் பாக்க ரெயின் ஏறிப் போறவள் இந்த லண்டனில நீ ஒருத்திதானடி" என்று புவனா சிரிப்பாள்.

பிறகு அவளும் கணவரும் நோர்ஃபொக்கில் ஒரு பெற்றோல் நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கறுப்பு நாய்க் கதைகள் மலிந்த, நான் கனவு கண்ட ஊர்ப்பக்கம் அது. அவளுக்கோ அந்தக் கதைகளில் ஒரு துளி அக்கறையும் கிடையாது. ஒரு மாரிக்காலப் பின்னேரம் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வீட்டுக்கு நடந்திருக்கிறாள். பனிப்புகார் மூடிய ஒழுங்கைப் பாதையில், வேலியோரமாக ஒரு பெரிய கறுப்பு நாய் அவளோடு சேர்ந்து நடந்து வந்திருக்கிறது. வீட்டுப் படலையைத் திறந்துவிட்டுத் திரும்பினால் ஒழுங்கை வெறுமையாகக் கிடந்ததாம். உள்ளே போன கையோடு எனக்குப் போன் எடுத்தாள்.

"எடி, வைரவர் வந்தவர். வீடு மட்டும் கொண்டுவந்து விட்டிட்டுப் போட்டார்."

எனக்கு வயிறு எரிந்தது. "அது வைரவர் இல்லை. வைரவரின்ர வாகனம்தான் நாய்" என்று திருத்தினேன். அவள் சொன்னதில் திருத்துவதற்கு எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை.

"வாசலில கார் வந்து நிண்டா ஆளும் வந்திட்டார் எண்டுதானே அர்த்தம்?" என்றாள்.

வருடத்துக்குள் சாவு என்ற கதையையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்தான், ஆனால் அவளைக் கொஞ்சமாவது பயப்படுத்த ஆசை வந்துவிட்டது. "அப்ப வடை சுடவேணும்" என்றாள். அன்றைக்கே உளுந்தை ஊறப்போட்டு, அடுத்தநாள் வடைமாலை கட்டினாள். கோயில் இல்லாத ஊரில் வைரவருக்கு எங்கே சாத்துவது? சந்தியில் வழி காட்டி நின்ற கைகாட்டி மரத்தில் சாத்திவிட்டு வந்தாள். சந்திக்குச் சந்தி வைரவர் சூலம் நிற்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு அது சூலம் மாதிரியே இருந்ததாம்.

அந்த ஊரில் மார்கரெட் என்றொரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தார். பெற்றோல் நிலையத்துக்குப் பேப்பர் வாங்க வந்தவர், கைகாட்டியில் தொங்கும் வளையங்கள் என்னவென்று விசாரித்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்து, அதே சாவுக் கதையைத் தானும் சொன்னாராம். புவனா அவருக்குச் சொன்ன பதிலை எத்தனை தடவை என்னிடம் திருப்பிச் சொல்லியிருப்பாள்! "எங்கட ஊரில அவர் காவல். உங்கட ஊரில இவ்வளவு காலமும் அவருக்கு ஒருத்தரும் சாப்பாடு குடுக்கேல்லையோ எண்டு கேட்டன்."

அந்த வருடம் முழுவதும் ரெலிபோன் அடித்தால் நெஞ்சு பதறியது எனக்குத்தான். அங்கே ஒருவருக்குத் தும்மல், தடிமன்கூட வரவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நான் கறுப்பு நாய்களைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். எத்தனையோ மாத உழைப்பு அந்தப் பேச்சு. முடித்துவிட்டு உட்கார்ந்ததும் யாரோ ஒருவர், "புவனாக்கா நேரில கண்டவவாமே?" என்று கேட்டார். கதிரைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. அவள் எழும்பக்கூட இல்லை. இருந்த இடத்திலேயே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். நான் மூலையில் நின்று ஆறிப்போன ரீயைக் குடித்தேன். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெட்கத்தை விட்டு அவள் வீட்டில் போய்த் தங்கினேன். பின்னேரம் தோறும் கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த ஒழுங்கையில் அவளோடு நடந்தேன். ஒன்றும் வரவில்லை. "நீ உன்ர கட்டுரையளில 'அது, அது' எண்டு எழுதுறாய். மரியாதை இல்லாத இடத்துக்கு அவர் என்னெண்டு வாறது?" என்றாள். லண்டன் திரும்புவதற்கு முதல்நாள், பேசிக்கொண்டு வந்தவள் சட்டென்று நின்றாள்.

"அந்தா" என்றாள், மெதுவாக.

"எங்கயடி?"

"உனக்குப் பக்கத்தில. உன்ர கையை மூக்கை வைச்சு மணந்து பாக்கிறார்."

கையைப் பார்த்தேன். வேலியைப் பார்த்தேன். ஈரப் புல்லைத் தவிர அங்கே எதுவும் இல்லை. "பகிடி விடாதை" என்று கத்தினேன். "வைரவரை வைச்சு ஆரும் பகிடி விடுவினமோ?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. வாழ்நாளில் ஒரேயொரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று தவம் கிடந்தவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, புவனாவின் கண்ணுக்கே அவர் காட்சி கொடுத்திருக்கிறார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நான் அவளோடு கதைக்கவில்லை.

கணவர் காலமானபின் லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு வந்து மகளோடு இருந்தாள். வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்த நாட்களில், அன்றைக்கு ஒழுங்கையில் சொன்னதைப்பற்றிக் கேட்க வாய்வரை வந்தும் நான் கேட்கவில்லை. பொய்யென்று சொன்னாலும் தாங்க மாட்டேன், உண்மையென்று சொன்னாலும் தாங்க மாட்டேன்.

செத்தவீட்டுக்கு மார்கரெட் வந்திருந்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு, அவ்வளவு தூரம் ரயிலில். நான் நெடுங்கால நண்பி என்று துளசி அறிமுகப்படுத்தியதும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் அந்த மற்றப் பெண் நீங்கள்தானா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்: அவர்கள் ஊரில் இப்போது சாவுக் கதையை யாரும் சொல்வதில்லையாம். அந்த நாயைப் பிள்ளைகள் 'மிஸ்டர் வைரா' என்கிறார்களாம். புவனா ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை அல்லவா, அதனால்தான் அந்த 'மிஸ்டர்'. தனியே வரும் பெண்களை மிஸ்டர் வைரா வீடுவரை கொண்டுபோய் விடுவாராம். கதையில் லண்டனிலிருந்து ஒரு பெண் வருவாளாம். அவரைத் தேடி ஊரெல்லாம் அலைவாளாம். அவர் பக்கத்தில் வந்து அவள் கையை மணந்து பார்ப்பார், அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதானாம்.

ஒரு நாட்டுப்புறக் கதைக்குள் தமிழ்ச் சொல் ஒன்று புகுந்திருக்கிறது. கதை சேர்க்கும் எவரும் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத பாக்கியம் அது. அதைப் புவனா ஒரு சட்டி வடையால் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அந்தக் கதைக்குள் இருக்கிறேன், அதுவும் அவள் புண்ணியத்தில், காணாதவளாக. அவளுடைய பெட்டிக்கு முன்னால் நின்று நான் சிரித்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தீர்கள். அதற்கு இதுதான் காரணம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காணாதவள் என்ற பெயரும், இன்னும் அடங்காத இந்தப் பொறாமையும்தான். இரண்டையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். இவ்வளவு காலமும் அவள் முன்னால் போனாள், நான் முறைத்துக்கொண்டே பின்னால் போனேன். அப்படித்தான் இந்த ஊர்வரை வந்து சேர்ந்தேன். இனி நான் ஆரைப் பார்த்து எரிவது, புவனா?