கூடைக்கு ஒரு கை

திருவொற்றியூர்க் குப்பத்து மங்கையின் குரலைத் தண்டையார்பேட்டையில் தெரியாதவர்கள் கிடையாது. தெருமுனையில் நின்று "மீனேய்..." என்று ஓர் இழுப்பு இழுத்தால் கடைசி வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். பதினைந்து வயதில் தேசப்பனைக் கட்டிக்கொண்டு, மறுவாரமே தலையில் கூடையை ஏற்றியவள். பதினாறு வருஷத்தில் இரண்டு பிரசவமும் ஒரு புயலும் தவிர வேறெதற்கும் அவள் நடை நின்றதில்லை. வாயும் நின்றதில்லை. அவளிடம் ஒருதரம் அடாவடியாகப் பேரம் பேசியவர்கள் மறுதரம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவளை ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாசியில் பெரியம்மை பாயில் போட்டது. முதலில் குப்பத்தில் நாலு வீடு, பிறகு பதினோரு வீடு. மூன்று பேரை மணலில் புதைத்தார்கள். தண்டோரா வந்தது: குப்பத்து மீன் ஊருக்குள் போகக்கூடாது, ஊர்க்காரர்கள் குப்பத்துக்குள் வரக்கூடாது. அம்மை குத்துகிறவர் வந்து, ஓடி ஒளிந்தவர்களைக்கூட விடாமல் பிடித்துக் குத்திவிட்டுப் போனார். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன.

சர்க்கார் போட்ட கட்டு ஒரு பக்கம் என்றால் ஆத்தா போட்ட கட்டு இன்னொரு பக்கம். தாளிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, மீன் வாடையே வீட்டில் ஆகாது. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, தண்ணீர்ப் பானை வாயிலும் வேப்பிலை. நாற்பது நாளில் குப்பத்துக்காரர்களுக்கு வேப்பிலை என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாமல் போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மங்கை பிழைத்தாள். பொருக்கெல்லாம் உதிர்ந்தது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த மறுநாள், இனிமேல் மீன் கொண்டுபோகலாம் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு மங்கைக்கு எங்கே தூக்கம் வந்தது? கண்ணாலத்துக்கு முதல் நாள்கூட அவள் இப்படித் தவித்ததில்லை. விடிவதற்குள் எழுந்து, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி முடிந்துகொண்டு கரையில் போய் நின்றாள். தேசப்பனின் மரம் அலையில் ஏறி இறங்கி வந்தது. வலை நிறையச் சங்கரா. நாற்பது நாள் சும்மா கிடந்த கடல் வஞ்சனையில்லாமல் கொடுத்திருந்தது.

"இன்னாமே, மூஞ்சி இப்படி மின்னுது? ஆத்தா புள்ளி வெச்சி கோலம் போட்டுட்டாளா?" என்றான் தேசப்பன், மனைவியின் தழும்பைப் பார்த்து.

"யோவ், கோலத்த அப்பால பாக்கலாம். கூடையத் தூக்கு."

தூக்கு என்றால் தனியாளாகத் தூக்குகிற பாரமில்லை அது. துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து ஏற்றினால்தான் தலைக்கு வரும். இறக்குவதற்கும் அப்படித்தான், போகிற வீட்டுக்காரி வந்து ஒரு கை கொடுக்கவேண்டும். முதல் வீட்டில் அப்படி ஒரு கை பட்டுக் கூடை இறங்கினால்தான் போணி. யார் கையும் படாமல் தானாகத் தரையில் இறக்கிய கூடை விளங்காது என்பது மங்கையின் சட்டம். அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

கூடையை ஏற்றுமுன், முதல் நாளே கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஒரு பெரிய கொத்து வேப்பிலையை மீன்மேல் பரப்பினான் தேசப்பன். "மொதக் கூட, ஆத்தா பேரால போவட்டும்," என்றான். நல்ல காரியம் என்று மங்கைக்கும் பட்டது. குப்பமே கரையில் நின்று வழியனுப்பியது.

தார் ரோட்டில் அவள் நடக்கவில்லை, பறந்தாள். லாரியைப் பார்த்துச் சிரித்தாள். மில் சங்கு ஊதியபோது, ஊதுடா ஊது, நானும் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். தெருமுனைக்கு வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து விட்டாள் ஒரு "மீனேய்..."

கதவுகள் திறந்தன. பார்த்தன. உடனே சாத்திக்கொண்டன.

மங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் வீடு, நாலாவது வீடு, ஏழாவது வீடு. வாரம் தவறாமல் இவளிடம் வாங்கித் தின்ற குணசுந்தரி ஜன்னலில் முகத்தைக் காட்டினாள்.

"குணாம்மா, ஒரு கை குடேன். சங்கரா, துள்ளுது பாரு!"

"இன்னிக்கி வேணாம் மங்கை. அப்பால வா." ஜன்னலும் சாத்திக்கொண்டது.

அப்பால என்றால் எப்போது? மங்கையின் கழுத்து நோக ஆரம்பித்தது. நோய் போன உடம்பு வேறு. அதைவிட மனசுதான் விட்டுப்போயிற்று. முகத்தழும்பைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள், இனி எந்த வீட்டிலும் எவளும் என் கூடையைத் தொடப்போவதில்லை என்று நினைத்தாள். தொடாவிட்டால் மீன்காரி ஏது? வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கா ஆத்தா உயிரை விட்டுவைத்தாள்? கூடையைத் தெருவில் கவிழ்த்துவிடலாமா என்றுகூட வந்தது கோபம். கடைசியில் ஒரே ஒரு வீடு பாக்கி, ரசூல் பீவியின் வீடு. பீவியின் கை எப்போதும் ராசியான கை. அதுவும் இல்லையென்றால் திரும்பிப் போவதுதான்.

"பீவிம்மா!"

கதவு ஒரு சாண் திறந்தது. "அங்கயே நில்லு மங்கை! கிட்ட வராதே!" என்றது பீவியின் குரல்.

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீயுமா பீவிம்மா?" என்றாள்.

"அய்யோ, உன்னச் சொல்லல. எங்க பொண்ணு தாஹிராவுக்கு அம்மை வந்து எறங்கிச்சி. தண்ணி ஊத்தி மூணு நாளாச்சி, இன்ஸ்பெக்டரும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஆனா எனக்கு மனசு வரல. வீடு வீடா போறவ நீ. ஒட்டிக்கிச்சின்னா அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

மங்கை கூடை குலுங்கச் சிரித்தாள். "இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு! எனக்கும் வந்துட்டுப் போயாச்சி. இனிமே என்கிட்ட ஒட்டிக்க இன்னா பாக்கி கீது? கழுத்து ஒடியுது, வா!"

பீவி கதவை அகலத் திறந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! தலைமேல வேப்பந்தழைய விரிச்சிகினு அம்மை வந்த வீட்டையே தூக்கினு வந்தா எவடி கதவத் தொறப்பா?"

மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. தானும் தலையில் அடித்துக்கொள்ளலாமென்றால் இரண்டு கையும் கூடையில். பீவி வாசற்படியிறங்கி வந்து இரண்டு கைகளாலும் பிடித்தாள். கூடை இறங்கியது. அவள் விரலும் இவள் விரலும் உரசின. நாற்பது நாளில் மங்கையை வெளியார் தொட்டது இதுதான் முதல்தரம்.

பெரிய மீனாக நாலு எடுத்துப் போணி பண்ணினாள் பீவி. உள்ளே போய்ச் சட்டியை வைத்தாள். மிளகாயும் மஞ்சளும் பூசிய சங்கரா எண்ணெயில் விழுந்த வாசனை தெருவில் இறங்கியதுதான் தாமதம், ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அந்தத் தெருவும் பயத்தில் எத்தனை நாள் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்ததோ!

"மங்கை, இப்படி வா. ஒரு கூறு போடு," என்று எதிர்வாசலிலிருந்து கூப்பிட்டாள் குணசுந்தரி.

மங்கை வேப்பிலையை ஒதுக்கிவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கூட இங்கதான் கீது. வேணும்னா இங்க வா."

"பீவி வூட்டுக்கா? அங்க..."

"அங்க இன்னா? பொண்ணுக்கு ஒடம்பு தேறிட்சி. இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு. உனக்கும்தான் ரெண்டு தபா அம்மை குத்திக்கீது, சும்மாவா குத்தினாங்க?"

"இத்தினி தூரம் வந்தவ, நாலு அடி எடுத்துவெச்சி வரமாட்டியா?"

"மாட்டேன். இன்னிக்கி இந்தத் தெருவுக்கு மீன் இங்கதான்."

குணசுந்தரி தன் வாசலில் நின்று யோசித்தாள். மங்கை வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்பது தெருவுக்கே தெரியும். குணசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள். பீவி வீட்டுப் படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு இன்னொரு காலையும் வைத்தாள்.

உள்ளே தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த தாஹிரா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி தாஹிரா, சாப்பிட்டியா?" என்றாள் குணசுந்தரி.

வாய் நிறைய மீன். அந்தப் பெண் மென்றுகொண்டே தலையை ஆட்டினாள். நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.